ஆனை செத்த நாடகம்

எழுதுவது படித்தவர்கள் செய்கிற காரியம். நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பும், பிறகு நானுஓயாவுக்கு நடந்து போய் எட்டாம் வகுப்பு வரையும் படித்தவன். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன், முகம் தெரியாதவர்கள் படிக்கட்டும் என்று பேனாவைத் தூக்கியது அதிகப்பிரசங்கித்தனம்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை வாயால் சொல்ல பத்துப் பன்னிரண்டு வருடமாக முயன்று பார்த்தேன், முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் வருடா வருடம் மாசி மாதத்தில் அம்மன் திருவிழாவுக்கு ஒரு நாடகம் போடுவார்கள். எப்போதும் ஒரே நாடகம். அதை எழுதியவர் யார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கப்பலேறி வந்த யாரோ மனப்பாடமாகக் கொண்டுவந்ததை, பின்னால் வேறொருவர் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார்.

கதை சின்னதுதான். பகையான இரண்டு ராஜாக்கள். ஒருவருடைய மகன் மற்றவருடைய மகளைத் தேர்த் திருவிழாவில் பார்க்கிறான். பார்த்த அன்றே மாலை மாற்றிக்கொள்கிறார்கள். மூன்றாம் நாள் ஊரை விட்டு ஓடுவது என்று பேச்சு. ஆற்றங்கரையில் இளவரசன் காத்திருக்கும்போது அரண்மனைப் பக்கமிருந்து சாவுமேளம் கேட்கிறது. பக்கத்திலேயே ஒரு படகோட்டி நிற்கிறான். யார் செத்தது என்று அவனை ஒரு வார்த்தை கேட்டால் போதும். இளவரசன் கேட்பதில்லை. போனது அவள்தான் என்று தானே முடிவு செய்து, வாளை மார்பில் பாய்ச்சிக்கொண்டு விழுகிறான். அப்புறம்தான் படகோட்டி, “ஐயோ ராசா, செத்தது பட்டத்து யானை!” என்று அலறுவான். இளவரசி ஓடி வந்து பார்ப்பாள். அவளும் அந்த வாளையே எடுத்துக்கொள்வாள்.

ஒவ்வொரு வருடமும் எங்கள் பெண்கள் இந்த இடத்தில் அழுவார்கள். அழுதுகொண்டே திட்டுவார்கள்.

“கேட்டுட்டுச் சாவேன்டா, பாவிப் பயலே! ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கிற நேரம் பொறுக்க மாட்டியா?”

“இவன் பொறுத்தா நம்ம எதப் பாத்து அழுவுறது? சும்மா இரு புள்ள.”

படகோட்டி வேஷம் ஸ்டோர்க் காவல்காரருக்கு. தேயிலை அரைக்கிற தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அவருக்கு இருந்தது அந்த ஒரே வசனம். ஒரு வருடம் பயத்தில் அதை முந்திச் சொல்லிவிட்டார். வாளைத் தூக்கிய கையோடு இளவரசன் விழித்துக்கொண்டு நின்றான். கூட்டத்தில் யாரோ, “அதான் சொல்லிட்டாருல்ல, தாலியக் கட்டிட்டு வீட்டுக்குப் போங்கடா!” என்று கத்த, திரையை இறக்க வேண்டியதாயிற்று. நாடகம் கெட்டுப்போனது என்று எல்லோரும் காவல்காரரைக் கோபித்தார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு வருடம் இரண்டு பேரும் சாகவில்லை அல்லவா?

நான் வேஷம் கட்டியதில்லை. திரைக்குப் பின்னால் கொப்பியை வைத்துக்கொண்டு, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பார்க்க யாரும் இல்லாத இடத்தில் நின்று பேசுவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

இளவரசன் வேஷம் கட்டியவன் என் சிநேகிதன். இரண்டு பேரும் ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்தவர்கள். அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை, காம்பரா என்கிற ஒற்றை அறையில் தனியாக இருந்தான். கவ்வாத்து மலையில் அவன் கத்திக்கு ஈடு கிடையாது. மற்றவர்கள் ஒரு தேயிலைச் செடியை வெட்டி நிமிர்வதற்குள் அவன் மூன்றாவது செடியில் நிற்பான். பேச்சும் அப்படித்தான். நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிவை அவனே சொல்லிவிடுவான். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எனக்கும் மிச்சத்தைப் பேசுகிற சிரமம் இல்லாமல் போகும்.

அவன் கீழ் லயத்தில் ஒரு பெண்ணை விரும்பினான். கொழுந்து எடுக்கிறவள், அவனைவிட மூன்று வயது இளையவள். இது நடப்பதற்கு முந்தின திருவிழாவில் நாடகம் முடிந்து, முகத்துச் சாயத்தைக் கூடக் கழுவாமல் நேரே அவளிடம் போய், “என்னைக் கட்டிக்கிறியா?” என்று கேட்டவன் அவன். “முதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வாங்க” என்றாளாம். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டான். உண்மையில் அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. அவளுடைய தகப்பன் மட்டும் பிடி கொடுக்கவில்லை. தோட்டத்து ஆட்களுக்கு வாக்குரிமை போய்ச் சில வருடம் ஆகியிருந்த காலம் அது. “இங்க இருக்கிறதா, ஊருக்குப் போறதான்னே நான் இன்னும் முடிவு பண்ணல தம்பி. திருநா முடியட்டும், சொல்றேன்” என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். ஊர் என்று அவர் சொன்னது கடலுக்கு அந்தப் பக்கம், திருச்சிப் பக்கம். அவர்கூடச் சின்னப் பிள்ளையாகப் பார்த்த இடம். என் சிநேகிதன் பார்த்ததே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பேர் என்றால் ஆபீசில் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் எழுதியிருக்கும் பேர். அது இருந்தால் வேலை, காம்பரா, அரிசி எல்லாம் உண்டு. வெட்டிவிட்டால் ஒன்றும் இல்லை. மலையில் வேலை செய்கிறவர்களுக்குப் பேர் வெட்டுவது என்றால் தோட்டத்தை விட்டுப் போவதுதான். என்னைப்போல் ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு அது வேறு மாதிரி. ஒருவரை மலையிலிருந்து ஸ்டோர் வேலைக்கு எடுத்தால், மலைக் கணக்கில் பேரை வெட்டி ஸ்டோர்க் கணக்கில் எழுதுவார்கள். அதையும் பேர் வெட்டியாச்சு என்றே சொல்வோம்.

அந்தத் தை மாதத்தில் அரைத்த தேயிலையில் காம்பு பொறுக்குவதற்கு ஸ்டோருக்கு ஒரு பெண் தேவைப்பட்டது. ஸ்டோரை நடத்துகிற டீமேக்கரய்யா, என் சிநேகிதன் விரும்பியவளைக் கேட்டு ஆபீசுக்கு எழுதியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, “அந்தக் கீழ் லயத்துப் புள்ள பேர மலையில வெட்டியாச்சு, திங்கக்கிழமை இங்க வருது” என்று என்னிடம் சொன்னார். மழையும் அட்டையும் இல்லாத வேலை. ஸ்டோரில் வேலை கிடைத்த பெண்ணை அழைத்துக்கொண்டு அவளுடைய தகப்பன் எந்த ஊருக்கும் போக மாட்டார். இதை என் சிநேகிதனிடம் நானே முதலில் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சாப்பாட்டு நேரத்தில் கவ்வாத்து மலைக்கு ஏறினேன்.

அவன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். “என்னடா கொப்பிக்காரா, மலை ஏறியிருக்க? ஸ்டோரு தீப்பிடிச்சிருச்சா?” என்றான்.

“அந்தப் புள்ள பேர வெட்டிட்டாங்கடா” என்றேன்.

சொல்லிவிட்டு நிறுத்தினேன். மூச்சு வாங்கியது உண்மை. ஆனால் அதற்காக நிறுத்தவில்லை. நாடகத்தில் நல்ல வசனத்துக்கு முன்னால் நிறுத்துவார்களே, அப்படி நிறுத்தினேன். என் வாயிலிருந்து வரப்போகும் வார்த்தைக்காக ஒருவர் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். இத்தனை வருடமாக வாயால் சொல்ல முடியாமல் இருந்தது இதைத்தான்.

அவன் காத்திருக்கவில்லை. “அந்தாளு நம்மள ஏமாத்திட்டு ஊருக்குப் போறானா?” என்று கேட்டுக்கொண்டே கத்தியைப் போட்டுவிட்டுச் சரிவில் இறங்கி ஓடினான். “டேய், ஸ்டோருக்குடா, ஸ்டோருக்கு!” என்று நான் மெதுவாகச் சொன்னது அவன் காதுக்கு எட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த கங்காணி, “ஸ்டோரு அந்தப் பக்கம், அவன் இந்தப் பக்கம் ஓடுறான்” என்று சிரித்தார்.

நான் பின்னால் ஓடியிருக்கலாம். கீழ் லயத்துக்குத்தான் போகிறான், அவளே சொல்லிவிடுவாள், சாயங்காலம் என்னை உதைக்க வருவான் என்று நினைத்தேன். சங்கு ஊதியது. வேலைக்குத் திரும்பினேன்.

அவன் போனது ஆபீசுக்கு. அங்கே நடந்ததை ஆபீஸ் பியூன் பிறகு எனக்குச் சொன்னார்.

“என் பேர வெட்டுங்கய்யா. ஊருக்குப் போறேன்” என்று கேட்டிருக்கிறான்.

“யாரோட போற?” என்று கேட்டார் கிளாக்கரய்யா.

“அவங்களோட.”

“எவங்களோடடா? யோசிச்சியா? திங்கக்கிழமை வா.”

“இப்பவே வெட்டுங்கய்யா.”

மற்ற நாளாக இருந்தால் கடதாசி தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போய் வர ஒரு வாரமாவது ஆகும். அன்று துரை உள்ளேயே இருந்தார். ஆட்களைக் குறைக்கச் சொல்லி அவருக்கு மேலிடத்து உத்தரவு இருந்தது. தானாகப் போகிறேன் என்று வந்து நிற்கிறவனை அவர் ஏன் தடுக்கப் போகிறார்? ஊருக்குப் போகச் சம்மதம் என்று எழுதிய கடதாசியில் இவன் கையெழுத்து வைத்தான். துரை அவன் பேரை வெட்டச் சொல்லிவிட்டார்.

வேலை முடிந்து நான் கீழ் லயத்துக்குப் போனபோது அவன் அவளுடைய வீட்டு வாசலில் நின்று, பேர் வெட்டியதற்கு ஆபீசில் கொடுத்த கடதாசியை அவளுடைய தகப்பனிடம் நீட்டிக்கொண்டிருந்தான்.

“நானும் வர்றேன் மாமா. பேர வெட்டிட்டேன்.”

“எங்க தம்பி வர்றீங்க?”

“நீங்க போற எடத்துக்கு.”

“நான் கக்கூஸ் பக்கம் போறேன், வர்றீங்களா?” என்று அவர் சிரித்தார். பிறகு கடதாசியை வாங்கி, படிக்கத் தெரியாததால் என்னிடம் கொடுத்தார். நான் படித்தேன். அவர் சிரிப்பு நின்றது.

“நாங்க எங்கயும் போகலயே, தம்பி. புள்ள பேர ஸ்டோருக்கு மாத்தியிருக்காங்க. இவரு சொல்லலயா?”

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. அவன் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளேயிருந்து அவள் வந்தாள். கடதாசியைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள்.

“ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாமே. நான் இங்கதான இருந்தேன்?” என்றாள்.

சனிக்கிழமை கங்காணியையும் தொழிற்சங்கத் தலைவரையும் அழைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனோம். என் மேல்தான் பிழை என்று துரையிடம் சொல்ல நினைத்துப் போனேன். அவரைக் கண்டதும் தலைவருடைய முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். தலைவர்தான் பேசினார். வெட்டிய பேரை மறுபடி எழுதினால் நாளைக்கு ஆளுக்கொரு பக்கம் இதையே கேட்பார்கள் என்று துரை சொல்லிவிட்டார். ஊருக்குப் பயணம் போக அனுமதிக்கிற ஊர்க் கடதாசி வரும்வரை காம்பராவில் இருந்துகொள்ளலாம் என்பது மட்டும் அவர் செய்த தயவு. பக்கத்துத் தோட்டங்களிலும் கேட்டுப் பார்த்தோம். ஊருக்குப் போவதாகக் கையெழுத்து வைத்தவனை ஒரு தோட்டமும் எடுக்கவில்லை.

அவளுடைய தகப்பனிடம் அவன் மறுபடி போனான். அவர் மரியாதையாகவே பேசினார். “ஒங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா எங்க இருப்பாருன்னு தெரியாத ஒருத்தருக்கு எப்படிப் புள்ளயக் குடுக்கிறது? நீங்களே சொல்லுங்க” என்றார். அவளும் அவனோடு கிளம்பவில்லை. நோய்க்காரத் தாயை விட்டு எங்கே போவாள்? இளவரசியைப்போல் அவளும் ஏதாவது செய்துகொள்வாளோ என்று எனக்குச் சில நாள் பயமாக இருந்தது. அவள் ஒழுங்காக ஸ்டோருக்கு வந்து தேயிலை பொறுக்கினாள்.

அந்த நாட்களில் கொப்பியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவ்வளவு அன்பு இருந்ததால்தான் இளவரசன் செத்தான் என்று நாடகம் பழக்குகிறவர் சொல்லுவார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்பு முதல் நாளிலேயே இருந்தது. சாக வைத்தது, ஒரு கேள்வி கேட்கிற நேரத்தைக்கூடத் தாங்க முடியாத அவசரம். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டும் வேறு என்று இளவரசனுக்கே தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. இன்னொன்றும் தோன்றியது. படகோட்டி ஏன் அத்தனை நேரம் சும்மா நின்றான்? மேளம் கேட்ட உடனே அவன் வாயைத் திறந்திருக்கலாமே. அதைக் கொப்பியில் யாரும் எழுதவில்லை.

மாசியில் திருவிழா வந்தது. அந்த வருடம் பனி கடுமையாக இருந்ததால் நாடகத்தை ஞாயிற்றுக்கிழமை பகலிலேயே ஸ்டோர் முற்றத்தில் வைத்தார்கள். அவனுக்கு ஊர்க் கடதாசி வந்துவிட்டிருந்தது. வேறு ஆள் போடலாமா என்று கேட்டபோது, “நானே கட்டுறேன்” என்றான். பகல் வெளிச்சத்தில் அட்டைக் கிரீடம் அட்டையாகவே தெரிந்தது. வழக்கமாகத் திட்டுகிற பெண்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் கூட்டத்தில் பின்னால் நின்றாள்.

சாவுமேளம் அடித்தார்கள். அவன் வாளை உருவிக்கொண்டு நின்றான். வசனம் வரவில்லை. காவல்காரரைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். மேளக்காரர்கள் இன்னொரு சுற்று அடித்தார்கள். வாழ்க்கையில் அவன் அவ்வளவு நேரம் பொறுத்து நான் பார்த்ததில்லை. மறந்துவிட்டான் என்று நினைத்து, திரைக்குப் பின்னாலிருந்து நான் வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். “அவள் இல்லாத உலகில் இனி ஒரு நாழிகையும் இரேன்.”

“மறக்கலடா” என்று மெதுவாகச் சொன்னான். எனக்கு மட்டும் கேட்டது. பிறகு வசனத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டு விழுந்தான்.

மறுநாள் திங்கட்கிழமை. கப்பலேறத் தலைமன்னாருக்குப் போக அவன் நானுஓயாவில் காலை வண்டி ஏறினான். பெட்டியை நான் தூக்கிக்கொண்டு போனேன். வண்டி முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தது. நான் ஸ்டோருக்குத் திரும்பியபோது பாதி நாள் போயிருந்ததால், அன்று எனக்கு அரை நாள் கூலிக்கான அரைப்பேர்தான் போட்டார்கள்.