நீலச் சட்டை

மருந்துக்கடையில் வேலை பார்த்தவள், நாட்டுப்புற மெட்டில் தானே பாட்டெழுதிப் பாடுவாள். ஸ்டுடியோவுக்குப் போக வசதியில்லை. துணிகள் எதிரொலியை விழுங்கும் என்பதால், பெரிய துணி அலமாரிக்குள் கிதாரோடு நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்வாள். ஒருநாள் மூன்றாவது சரணத்தில், பஸ் ஓட்டும் கணவன் கதவைத் திறந்து, "என் நீலச் சட்டைய எங்க வச்ச?" என்றான். மறுபடி பாடத் தெம்பில்லாமல் அவன் கேள்வியோடு அப்படியே இணையத்தில் வெளியிட்டாள். அந்தப் பாட்டுதான் ஊரெல்லாம் பரவியது. மேடையில் அந்த இடம் வந்தாலே கூட்டம் மொத்தமும் சட்டையைக் கேட்கும். மானம் போச்சென்று அவன் ஏழு வருடம் எந்தக் கச்சேரிக்கும் வரவில்லை.

எட்டாவது வருடம் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தான். கூட்டம் கேட்டதும் எழுந்து நின்றான். வயிற்றில் பொத்தான் தெறிக்கப் பார்க்கும் அதே நீலச் சட்டை.

"இங்கதான் இருக்கு," என்றான்.

அவளுக்கு அடுத்த வரி வரவில்லை. கூட்டம்தான் பாடி முடித்தது.