அங்கிளை எஞ்சினிலிருந்து இறக்கியது

பிள்ளைகளே, ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் காரில் ஏற்றிப்போகும் கிரவீன் அங்கிள் ஏன் இப்போது ரயில் ஓட்டுவதில்லை என்று கேட்டீர்கள். அதற்குக் காரணம் நான்தான்.

பழைய நீராவி ரயிலைத் திருத்தி ஓட்டுகிற எங்கள் தொண்டர் குழுவுக்கு என்னைக் கூட்டிப்போனவரே அவர்தான். அவர் ஓட்டுநர், நான் பின்பெட்டியில் நின்று கொடி காட்டுகிற கார்ட். ஒருநாள் ரயில் புறப்படும் நேரம், ஒரு தாய் குழந்தை வண்டியை ஏற்ற முடியாமல் கதவடியில் நின்றார். நான் சிவப்புக் கொடியை ஆட்டினேன். அங்கிள் என் பக்கம் பார்த்துக்கொண்டே ரயிலை எடுத்தார். நான் விசில் ஊதிய பிறகுதான் நிறுத்தினார். நல்லகாலம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அவரிடம் கண்ணைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நேரே குழுத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். கண் சோதனையில் பார்வை போதாது என்று வந்த பிறகு, அங்கிளை நிலையத்தில் பயணிகளுக்கு ரிக்கெற் விற்க விட்டார்கள்.

அன்று திரும்பி வரும்போது காரில் அவர் சொன்னார்: "ஆரோ கோள் மூட்டிப்போட்டாங்கள், தம்பி. என்னட்டக் கேட்டிருந்தா நானே இறங்கியிருப்பன்."

"நான்தான் அங்கிள் சொன்னனான்."

சந்தியில் காரை நிறுத்திவிட்டு, விளக்கு மாறியதுகூடத் தெரியாமல் நான் இருந்தேன்.

"பச்சை விழுந்திட்டுது. அது எனக்கு வடிவாத் தெரியுது. எடும்," என்றார்.

அடுத்த ஞாயிறு வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். வழக்கம்போல அவர் வீட்டு வாசலில் எனக்காக நின்றார். எனக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.