தயிர் விமானத்தில், கயிறு காரில்: டெக்சாஸில் ஒரு ஃப்ளை-இன்

சான் ஹோசேயிலிருந்து ஒரு வாசகி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவர் கணவர் பைலட் லைசென்ஸ் வாங்கிவிட்டாராம். நண்பர்களோடு கூட்டுச் சேர்ந்து பழைய விமானம் ஒன்றும் வாங்கிவிட்டாராம். இப்போது ஃப்ளை-இன் போகலாம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாராம். "என்னென்ன எடுத்துப்போகவேண்டும் அக்கா?" என்று கேட்டிருந்தார். பொறுமையை எடுத்துப் போ என்று ஒரு வரி பதில் போட்டேன். பிறகு மனசு கேட்கவில்லை. 1999 அக்டோபரில் நான் பட்ட பாட்டை முழுசாகவே எழுதிவிடுகிறேன். தெரியாத்தனமாக இதில் மாட்டிக்கொள்ளப்போகும் மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் ஃப்ளை-இன் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருப்பவர்கள் ஏதாவது ஒரு சிறிய ஊரின் விமானத்தளத்தில் நூற்றுக்கணக்கில் வந்து இறங்குவார்கள். புல்வெளியில் வரிசையாக விமானத்தை நிறுத்தி, இறக்கைக்கு அடியில் கூடாரம் போட்டு, மூன்று நாள் ஒருவர் விமானத்தை இன்னொருவர் சுற்றிச்சுற்றிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். இதற்கு ஏன் இத்தனை தூரம் போகவேண்டும் என்று கேட்டால் பதில் வராது, ஒரு பார்வைதான் வரும்.

என் கணவர் ரவியும் அவருடன் வேலை பார்க்கும் மூன்று பேரும் சேர்ந்து வாங்கிய விமானம் எங்களுடையது. அன்றைக்கு அதை நான் 'எங்களுடையது' என்று சொல்லமாட்டேன். 'உங்க தகர டப்பா' என்றுதான் பெயர். இரண்டு வருடமாக எங்கள் சனிக்கிழமைகளை அது தின்றுகொண்டிருந்தது. நான் அதில் ஒருமுறைகூட ஏறியதில்லை. நாலு சீட் விமானம் என்பது பேருக்குத்தான். டாங்க்கில் பெட்ரோல் நிறைத்தால் இரண்டு ஆண்களும் கொஞ்சம் சாமானும் ஏறுவதற்குள் எடைக் கணக்கு முடிந்துவிடும். ஆகவே எப்போதும் ரவியும் கூட்டாளிகளில் ஒருவரும் பறப்பார்கள், நான் வீட்டில் இருப்பேன்.

இந்தமுறை எனக்குப் பதவி உயர்வு. சாமான் வண்டி ஓட்டும் வேலை. கூடாரம், படுக்கை, அடுப்பு, நாற்காலி எல்லாவற்றையும் எங்கள் மினிவேனில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊரான ரவுண்ட் ராக்கிலிருந்து நான் தனியாக ஓட்டிப் போகவேண்டும். 190 மைல், மூன்றரை மணி நேரம். ரவியும் கூட்டாளி சுந்தரும் ஒன்றரை மணி நேரத்தில் பறந்து போய்விடுவார்கள். மகளைப் பக்கத்துத் தெரு ஆன்ட்டி வீட்டில் விட்டாயிற்று. அவளை உட்காரவைத்துத் தள்ளும் ஸ்ட்ரோலரை வேனிலிருந்து இறக்க மறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில், விமானம் நிறுத்தும் கொட்டகையான ஹாங்கர் முன்னால் சாமான் ஏற்றினோம். டாலஸ் பக்கமிருந்து எட்டு தமிழ்ப் பையன்கள் சும்மா வேடிக்கை பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நம் ஆட்கள் வருகிறார்கள், அவர்கள் கண்ட பர்கரைச் சாப்பிடலாமா? எனவே முந்தின நாள் முழுக்கச் சமையல். ஒரு பெரிய கூல் பாக்ஸில் தயிர்சாதம், புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல். கூட்டாளிகளில் சுந்தர் பொள்ளாச்சிக்காரர், என்னை அக்கா என்று கூப்பிடுவார். அந்த கூல் பாக்ஸை வேனில் ஏற்றப்போனேன். அவர் குறுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, இந்த வெயில்ல நாலு மணி நேரம் கார்ல போனா தயிரு புளிச்சுப் போயிருமுங்க. பிளேன்லயே வெச்சுக்கலாமுங்க."

நியாயமாகத்தான் பட்டது. கூல் பாக்ஸ் பின்சீட்டில் ஏறியது. நான் மீதிச் சாமானைக் கணக்குப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். எடை கூடியதற்கு ஈடாக விமானத்திலிருந்து எதை இறக்கி என் வேனில் பின்பக்கம் சொருகினார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

போகும் வழியில் சொல்லும்படி ஒன்றுமில்லை. சாலை நேராகப் போகும், தூங்கிவிடாமல் இருந்தால் போதும். இரண்டு மணி வாக்கில் போய்ச் சேர்ந்தேன். கார் நிறுத்த ஐந்து டாலர். நிறுத்தும் இடம் ஒரு மாட்டு மேய்ச்சல் நிலம், விமானங்கள் நிற்கும் இடத்திலிருந்து சுமார் இரண்டு மைல். கார் இதற்கு மேல் போகாது, சாமானை டிராமில் ஏற்றிப் போங்கள் என்றார் ஆரஞ்சுச் சட்டைக்காரர். டிராம் என்றவுடன் தண்டவாளம், மின்கம்பி என்றெல்லாம் கற்பனை செய்யவேண்டாம். டிராக்டருக்குப் பின்னால் ஒரு தட்டுவண்டி, அதில் உட்கார வைக்கோல் கட்டு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வரும் என்று சொல்வார்கள். அதன் இஷ்டத்துக்குத்தான் வரும்.

கூடாரத்தை இறக்கலாம் என்று பின்கதவைத் திறந்தேன். அடியில் ஒரு பச்சை நிறக் கித்தான் பை இருந்தது. தூக்கினால் கையோடு வரவில்லை, உள்ளே இரும்பு சத்தம். அது விமானத்தைக் கட்டிவைக்கும் பை. மாட்டைக் கட்டும் முளை போல மூன்று இரும்பு முளைகள், கயிறுகள், ஒரு சுத்தியல். திறந்த வெளியில் நிறுத்தினால் இரண்டு இறக்கையையும் வாலையும் தரையோடு கட்டியே ஆகவேண்டும். இல்லையென்றால் பலத்த காற்றில் விமானம் ஆள் இல்லாமலே எழும்பிக் கவிழ்ந்துவிடும். இரண்டு வருடமாகச் சாப்பாட்டு மேஜையில் இதைத்தவிர வேறு பேச்சில்லை, எனக்கே மனப்பாடம். தயிர் பறந்து போயிருக்கிறது. கயிறு என்னோடு காரில் வந்திருக்கிறது.

அப்போதும் நான் பெரிதாகப் பதறவில்லை, பற்களைத்தான் கடித்தேன். சாயங்காலத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்தால் ஆயிற்று. அந்த நேரத்தில்தான் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. மேற்கிலிருந்து இடிமழை வரிசை ஒன்று வேகமாக வருகிறது, விமானங்களைக் கட்டிவிட்டு எல்லோரும் பாதுகாப்பான இடத்துக்குப் போகவும். திரும்பிப் பார்த்தேன். மேற்கு வானம் மை பூசியதுபோல் இருந்தது.

ரவியின் செல்போனுக்கு அடித்தேன். அந்த வனாந்தரத்தில் சிக்னல் ஏது? எனக்கு விமானத்தைப் பற்றிய கவலை இல்லை. ரவியைப் பற்றித்தான். அந்த மனிதர் அதை விட்டுவிட்டு ஓடுகிற ஆள் இல்லை. மின்னல் வெட்டுகிற வெட்டவெளியில் அந்தத் தகரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பார். சத்தியம் செய்து சொல்லலாம்.

டிராமுக்கு ஓடினேன். ஓட்டுநர் தொப்பி போட்ட ஒரு பெரியம்மா. கூரான இரும்பையெல்லாம் மக்களோடு ஏற்ற முடியாது, ஏற்றினாலும் இது கடைக் கூடாரங்கள் வரைதான் போகும், விமான வரிசைக்கு வேறு டிராம் என்றார். கெஞ்சினேன். மின்னல் வந்தால் எல்லா டிராமும் நின்றுவிடும் கண்ணு என்று அன்பாகச் சொல்லிவிட்டு, அன்பாகவே போய்விட்டார்.

அப்போது கண்ணில் பட்டது ஸ்ட்ரோலர். பையைத் தூக்கி அதில் உட்காரவைத்து, மகளுக்குப் போடும் பெல்ட்டையே அதற்கும் போட்டேன். வேலியோரம் தள்ளிக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் நெருஞ்சி முள். இந்தச் செடி டெக்சாஸிலும் உண்டு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ரப்பர் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறியது. குழந்தை எங்கே என்று எதிரே வந்த ஒருவர் ஸ்ட்ரோலரை எட்டிப் பார்த்தார். அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

விமான வரிசைக்குள் போகும் வாசலில் ஒரு மேஜை, ஒரு பெண். கைப்பட்டை இருந்தால்தான் உள்ளே விடுவார்களாம். நுழைவுக் கட்டணம் பன்னிரண்டு டாலர், அதைக் கொடுத்தாலும் விமானத்தின் பதிவெண் சொல்லவேண்டும், அதை வைத்துத்தான் எந்த வரிசை என்று தேடுவார்களாம். எனக்கு எண் தெரியாது. வெள்ளை, நீலக்கோடு, மேலே இறக்கை என்றேன். அங்கே நிற்பதில் பாதி அப்படித்தான் என்றாள். அப்போதுதான் நினைவு வந்தது: மாதாமாதம் ஹாங்கர் வாடகைக் காசோலையை எழுதுவது நான், அதன் மூலையில் அந்த எண்ணை எழுதுவதும் நான். பேனாவை வாங்கிக் காசோலை எழுதுவதுபோலக் கையை ஓடவிட்டேன். கை தானாக எழுதியது. வடக்குக் கோடியில் கடைசி வரிசை.

உள்ளே நூறடி போயிருப்பேன், முதல் காற்று அடித்தது. புழுதியில் கண் தெரியவில்லை. கோல்ஃப் வண்டியில் வந்த ஒரு தாத்தா வழியை மறித்து, உடனே திரும்பிப் போய் ஏதாவது கட்டடத்துக்குள் நிற்கச் சொன்னார். யாருடைய விமானம் அது, அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார்.

"இட்ஸ் மை ஏர்பிளேன்," என்றேன். கத்தினேன் என்றே சொல்லலாம். என் வாயிலிருந்து வந்ததுதானா என்று எனக்கே சந்தேகம்.

அவர் பையை ஸ்ட்ரோலரோடு தூக்கிப் பின்னால் போட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு வண்டியை விரட்டினார்.

நான் நினைத்தபடியேதான் இருந்தது. இடது இறக்கையின் தாங்குகம்பியில் ரவி தொங்கிக்கொண்டிருந்தார், வலது பக்கம் சுந்தர். ஒவ்வொரு காற்றுக்கும் சக்கரம் தரையை விட்டு எழும்பி எழும்பி விழுந்தது. ரவியின் கால்களும் கூடவே எழும்பின. தூரத்தில் மின்னல் இறங்கியது. வாலைப் பிடிக்க யாருமில்லை, நான் போய் அதன்மேல் படுத்துக்கொண்டேன். தாத்தா முளைகளை அறைந்தார், கயிற்றை முடிந்தார். மூன்றாவது முடிச்சு விழுவதற்கும் ஆலங்கட்டி மழை கொட்டுவதற்கும் சரியாக இருந்தது. எல்லோரும் உள்ளே ஏறுங்கள் என்று எங்களைத் தள்ளிவிட்டு அவர் அடுத்த விமானத்துக்குப் போய்விட்டார்.

அப்படித்தான் முதல்முதலாக அந்த விமானத்துக்குள் ஏறினேன். பின்சீட்டில், கூல் பாக்ஸ் மேல். கூரையில் ஆலங்கட்டி விழும் சத்தத்தில் காது அடைத்தது. விமானம் ஆடும், கயிறு வெடுக்கென்று இழுத்துப் பிடிக்கும், மறுபடி ஆடும்.

"உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா பாப்பாகிட்ட நான் என்ன சொல்லுவேன்?" என்று கேட்டேன்.

ஜன்னல் வழியாகக் கயிற்றையே பார்த்தபடி ரவி சொன்னார். "விட்டுட்டு ஓடிடலாம்னுதான் பார்த்தேன். மத்த ரெண்டு பேரும் நம்மள நம்பித்தானே பிளேனைக் குடுத்துவிட்டிருக்காங்க. கை விட மாட்டேங்குது."

சுந்தர் தலையைக் குனிந்துகொண்டே, "தயிரை இறக்கியிருக்கோணுங்க அக்கா," என்றார். பதிலுக்குத் திட்டவேண்டும் என்று நிறைய யோசித்து வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்தபிறகு அழுகைதான் வந்தது.

பதினைந்து நிமிடத்தில் மழை விட்டு வெயிலும் அடித்தது. மானங்கெட்ட வானம். இறங்கிப் பார்த்தோம். எங்களுடையது நின்றது. மூன்று வரிசை தள்ளி ஒரு மஞ்சள் விமானம் மல்லாந்து கிடந்தது. அதன் சொந்தக்காரர்களிடம் கயிறு இருந்ததாம், சாப்பிட்டுவிட்டு வந்து கட்டலாம் என்று கடைப்பக்கம் போயிருந்தார்களாம். அவர்களில் ஒரு அம்மாள் ஈரப்புல்லில் உட்கார்ந்திருந்தார். சக்கரங்கள் வானத்தைப் பார்த்தபடி இருந்தன. சுந்தர் புளியோதரைத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவர்கள் கூடவே நின்றார். உங்களுடையது எது என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார். கை நீட்டிக் காட்டினேன். அது நிற்கிறது என்று காட்டுவதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது.

டாலஸ் பையன்கள் அன்று வரவில்லை, மழை எச்சரிக்கை கேட்டுப் பாதிவழியில் திரும்பிவிட்டார்களாம். பதினொரு பேருக்கான தயிர்சாதத்தை மூன்று பேர் இரண்டு நாள் சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது ரவி பச்சைப் பையை முதலில் விமானத்தில் ஏற்றினார். பிறகு எடைக் கணக்குப் போட்டார். நான் வழக்கம்போல வேனைப் பார்த்து நடந்தேன். சுந்தர் எனக்கு முன்னால் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டு, "நான் கார்ல வர்றனுங்க, நீங்க ஏறுங்க," என்றார். ஒன்றரை மணி நேரம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பறந்தேன். பிடித்தது என்று சொன்னால் பொய்.

இனி, கேட்ட கேள்விக்குப் பதில். காலை பத்து மணிக்குள் இறங்கினால் வாசலுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும், தாமதித்தால் வடக்குக் கோடிதான். டிராமை நம்பாதே, சக்கரம் வைத்த எதையாவது எடுத்துப் போ. குழந்தை ஸ்ட்ரோலர் இருபது கிலோ வரை தாங்குகிறது, நான் சாட்சி. மூடிய ஷூ போடு. பதிவெண்ணை மனப்பாடம் செய்துகொள், வரிசை எண்ணைக் கேட்டு வை. காரில் போவதை மதியத்துக்குள் முடித்துவிடு. சாப்பாடு அங்கேயும் கிடைக்கும், செத்துவிடமாட்டோம். தயிர் புளித்தால் மோர்க்குழம்பு வைத்துக்கொள்ளலாம்.

கட்டும் கயிறு மட்டும் எப்போதும் விமானத்தோடுதான் போகவேண்டும். அது ஏறியபிறகு, எடை கூடிவிட்டது, உனக்கு இடமில்லை என்று உன் கணவர் சொல்வார். காற்று வந்தால் இன்னொரு இறக்கையை யார் பிடிப்பார்கள் என்று அவரிடம் கேள்.