மீனெண்ணெய் பூசிய மோட்டார் சைக்கிள்

மோட்டார் சைக்கிள் மெக்கானிக்குக்குச் சொந்தமாக வண்டி இருக்காது. பழுதுபார்த்தபின் ஓட்டிப் பார்க்கும் கொஞ்ச தூரம்தான் அவன் சொத்து. இதே தொழிலில் கை கறுத்தவர்களுக்கு இந்தத் துக்கம் புரியும்.

கப்பலில் வந்தது

எழுபதுகளில் தூத்துக்குடியில் உப்பளங்களை ஒட்டி என் பட்டறை இருந்தது. கப்பலில் வேலை பார்த்த லூர்து அண்ணாச்சி வெளிநாட்டிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் கொண்டுவந்தார். இரட்டை சிலிண்டர், ஐந்து கியர், முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடி. முன்சக்கரத்தில் பளபளவென்று வட்டத் தகடு. அதைக் கவ்வித்தான் பிரேக் பிடிக்கும். பொத்தானை அமுக்கினேன், எஞ்சின் பேச ஆரம்பித்தது. வேடிக்கை பார்த்த உப்பு வண்டிக்காரர் வாயைப் பிளந்தார்.

"ஏலே, உதைக்காமலே கிளம்புதே! உதைச்சாலும் கிளம்பாத என் மாட்டை ஒருநாள் இதுக்குப் பக்கத்துல கட்டிப் போடணும்."

வெள்ளைச் சாலை

திருச்செந்தூர் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். ஐந்தாவது கியரில் சத்தம் தணிந்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் காற்றே இல்லை. நான் அசையாமல் உட்கார்ந்திருக்க, உப்புக் குவியல்கள் வெள்ளை வெள்ளையாக என்னைக் கடந்துபோயின. திரும்பி வந்தும் மனம் அங்கேயே கிடந்தது.

"நாளைக்குக் கப்பல் ஏறுதேன், வர எட்டு மாசம் ஆகும். உப்புக் காத்துல துருப்பிடிக்காம இருக்க என்ன செய்ய?" என்றார் அண்ணாச்சி.

"எண்ணெய் தடவி வைங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பக்கத்தில் நின்ற அவர் மனைவி பிலோமினா தலையாட்டினார்.

"அத எங்கிட்ட விடுங்க தம்பி. எங்க வீட்டு மீன்பிடி வள்ளத்துக்கே நான்தான் எண்ணெ போடுதேன்."

எட்டு மாதம் கழித்து

அண்ணாச்சி ஊர் திரும்பியதும், கழற்றி வைத்திருந்த பேட்டரியைச் சார்ஜ் போட்டுக் கொடுத்தனுப்பினேன். அந்த வண்டியில் மணப்பாடு கோயிலுக்குப் புறப்பட்ட கணவன் மனைவி இருவரும் எனக்கு நன்றி சொல்ல வந்தார்கள். அவர்கள் வீட்டிலிருந்து நேர் சாலை. பிரேக் தேவைப்பட்டதே என் வாசலில்தான். அண்ணாச்சி முன்பிரேக்கை இறுக்கினார். வண்டி நிற்கவில்லை. பின்சக்கரம் மட்டும் இழுபட்டு வாலாட்ட, என்னைக் கடந்து எதிரே இருந்த உப்புக் குவியலில் போய்ப் புதைந்தது.

ஓடினேன். முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. உப்புக்குப் பதில் அங்கே லாரி நின்றிருந்தால்? முன்சக்கரத் தகட்டைத் தொட்டேன், விரல் வழுக்கியது. சுறா எண்ணெய் வாசம். வள்ளத்துக்குப் பூசுவதுபோல ஒரு இடம் விடாமல் மூன்று பூச்சு. அந்தத் தகட்டை மட்டும் தொடாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். எண்ணெய் தடவச் சொன்ன நேரத்தில் நான் எந்தச் சாலையில் இருந்தேன்? "தப்பு என்னுது அண்ணாச்சி" என்றேன். பிலோமினா சேலையிலிருந்த உப்பை உதறினார்.

"ஒரு பொட்டுத் துரு இருக்கா, பாருங்க தம்பி. நீங்க சொன்னதத்தான் செஞ்சேன்."

இன்றும் எந்த வண்டி வந்தாலும் முதலில் பிரேக்கை முகர்ந்து பார்க்கிறேன். நான் சொல்லாமல் விட்ட அரை வாக்கியத்துக்கு மீன் வாசனை.