மூன்றாவது மாடிக்கு ஏறிய பசு

இட்லி வாங்க யாராவது மூன்று மாடி ஏறுவார்களா? இருசம்மாளுக்குப் புது வீட்டுச் சாவி கிடைத்த அன்று எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள்.

பெரம்பலூரில் வாய்க்கால் ஓரக் குடிசைகளை எடுத்துவிட்டு, ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். ஏழைகள் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால் முன்னேற மாட்டார்களாம். அதனால் குலுக்கல் போட்டு, பல தெரு ஆட்களையும் தவணை கட்டி வீடு வாங்கியவர்களையும் கலந்து குடிவைத்தார்கள். ஆட்கள் கலந்தார்கள், கதவுகள்தான் சாத்தியே கிடந்தன. குடிசை வாசலில் இட்லி விற்றே மகளைப் படிக்க வைத்தவள் இருசம்மாள். இங்கே இட்லி ஓடாவிட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

அதற்காகப் பால் காய்ச்சும் முறையை விட்டுவிடுவாளா? புது வீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும்தான் நுழைய வேண்டும் என்று நின்றாள்.

“மூணாவது மாடிக்கா? மாட்டுக்கு மூச்சு வாங்கும்க்கா” என்றார் மாட்டுக்காரர் செல்லமுத்து.

“எனக்கு வாங்கலையா? ஏத்துங்க தம்பி.”

பசு சமர்த்தாக ஏறியது. கூடத்தில் சாணியும் போட்டது. இருசம்மாள் பூரித்துப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இறங்கும்போதுதான் வினை. படியை எட்டிப் பார்த்த பசு, நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. இழுக்க இழுக்கக் கட்டடமே அதிரக் கத்தியது. சாத்திக் கிடந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அதுவரை முகம் கொடுத்துப் பேசாத கீழ்வீட்டு ராசாத்தி மேலே வந்தாள்.

“ஏன்க்கா, வூடு உங்க பேர்லயா, மாட்டு பேர்லயா?”

“அதான் எனக்கும் சந்தேகமா இருக்கு. காலி பண்ண மாட்டேங்குதே!”

படிக்கட்டே சிரித்தது. வந்தவர்களைச் சும்மா நிறுத்தக் கூடாதென்று இருசம்மாள் இட்லி ஊற்றினாள். தட்டும் கையுமாகப் படியில் உட்கார்ந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் ராசாத்தியின் யோசனைதான் பலித்தது. படியெங்கும் சாக்கு விரித்து, பசுவின் கண்ணைத் துண்டால் கட்டி, கன்றை முன்னே விட்டு, ஆளுக்கொரு பக்கம் அணைத்துப் பிடித்து இறக்கினார்கள்.

மறுநாள் விடிந்ததும் ராசாத்தி தூக்குவாளியோடு வந்து நின்றாள்.

“நேத்து ஓசி. இன்னைக்குக் காசுக்கு நாலு இட்லி குடுங்க. சட்னி தாராளமா ஊத்துங்க.”

அவளுக்குப் பின்னால் படியில் இன்னும் சிலர், கையில் பாத்திரத்தோடு, மூச்சு வாங்க நின்றார்கள்.

அரியலூர்ப் பக்கமோ வேறெங்கோ மாடி வீட்டுச் சாவிக்குக் காத்திருப்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். மாட்டைக் கீழேயே நிறுத்திவிடட்டும். மனிதர்களை மேலே கூப்பிடட்டும்.