பனி வண்டிக்கு வைத்த தேசிக்காய்

பார்க்கிங் என்ற லண்டன் ஊரில் எங்கள் தெருக் கராஜ்களை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். இன்று அதன் வாசலில் யாரோ சைக்கிளுக்குப் பூசிய கிரீஸ் மணம், அப்பாவும் கூட்டாளிகளும் அங்கே வைத்திருந்த, சங்கிலிப் பட்டியில் ஓடும் பழைய பனி வண்டியிடம் என்னை இழுத்துப் போனது.

ஞாயிறுதோறும் அதைத் துடைத்து, தேத்தண்ணி குடித்து, அது எந்தெந்தப் பனிமலை ஏறியதென்று சண்டை பிடிப்பார்கள். எங்களோடு அதன் முதல் ஓட்டம் லண்டன் பனியில்தான் என்பது முடிவு. பனி வருமென்று ரேடியோ சொன்னாலே அப்பா பட்டிகளுக்கடியில் நசிக்கத் தேசிக்காய் வைப்பார்.

ஒரு தை மாதம் உண்மையாகவே கொட்டியது. வண்டியைக் கிளப்பும் திறப்பை வைத்திருந்த கூட்டாளி, விம்பிள்டன் மாமா, போன் அடித்தார்: "அண்ணை, ரெயின், பஸ் எல்லாம் நிண்டுபோச்சு. இந்தப் பனிக்குள்ள நான் எப்பிடி வாறது?"

அன்று மத்தியானம் அம்மா சொதிக்குப் பிழிந்தது அந்தத் தேசிக்காய்களைத்தான்.