வால்வு ஆம்ப்ளியில் ஒரு சீறல்

விருதுநகரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், கடைக்கான கொத்தமல்லி மூட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு மேசை போட்டு, கிட்டாருக்கு வால்வு ஆம்ப்ளி ஒன்று செய்தேன். இரண்டு வருடம் பிடித்தது. செய்யச் சொன்னவன் என் பள்ளிக்கூட நண்பன், மல்லாங்கிணற்றுக்காரன். எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. திருவிழாக் காலத்தில் மெல்லிசைக் குழுவில் கிட்டார். மேடைக்கு மேடை வாடகை ஆம்ப்ளியில் வாசித்து அலுத்துப்போனவன். "ஒரு தடவையாவது எனக்குன்னு ஒரு சத்தத்துல எங்க ஊர்ப் பொங்கலுக்கு வாசிக்கணும் மாப்ள" என்பான். அதற்காகத்தான் அம்புட்டுப் பாடும்.

அந்தக்கால ரேடியோவில் எரியுமே, அந்த வால்வுகளைச் சென்னையில் பழைய சாமான் கடைகளில் அலைந்து வாங்கினேன். டிரான்ஸ்பார்மரை மதுரையில் சொல்லிச் சுற்றவைத்தேன். முகப்புக்கு, சிவகாசி அச்சகம் ஒன்று கழித்துப்போட்ட அலுமினியத் தகடு. உற்றுப் பார்த்தால் ஏதோ ஒரு வெடிப்பெட்டியின் கிளிப் படம் அதில் மங்கலாகத் தெரியும். அத்தா கடையிலிருந்து வந்து எட்டிப் பார்ப்பார். "யாவாரத்துக்கு அரை மணி நேரம் நின்னா இடுப்பு வலிக்குதும்பான். இதுக்கு மட்டும் நாள் பூரா குனிஞ்சு கெடக்கான்" என்று என்னிடம் சொல்லாமல் சுவரிடம் சொல்வார்.

வால்வுகள் சூடேறி, அவன் முதன்முதலாக ஒரு கம்பியைத் தட்டியபோது எனக்குப் புல்லரித்தது. அவன் மட்டும் உதட்டைப் பிதுக்கினான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மந்தமா இருக்குலே. இன்னும் ஷார்ப்பா வரணும்."

கண்டன்சரை மாற்றி ஷார்ப்பை ஏற்றினேன். ஏற்றியதும் பின்னால் ஒரு சீறல் சேர்ந்துகொண்டது, சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல. சீறலைக் குறைத்தால் ஷார்ப்பும் போய்விடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து மந்தம் என்பான். மறுபடி ஏற்றுவேன், மறுபடி சீறும். செக்குமாடு மாதிரி இருவரும் இதையே சுற்றிக்கொண்டிருந்தோம்.

"இந்தச் சீறல் உனக்குக் கேக்குதா இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சீறலா? சுத்தமா இல்லலே. நீயா எதையாவது நெனச்சுக்கிட்டு நோண்டாத."

எனக்கு வந்ததே கோபம். ஊர்ப் பொங்கல் நெருங்குகிறது, அரைகுறையாகத் தூக்கிக்கொண்டு போவதற்காகப் பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றிருக்கலாம். "காத எங்கயாச்சும் கழட்டி வச்சுட்டு வந்துட்டியா? நீயெல்லாம் எதுக்குலே கிட்டாரத் தூக்குற?" என்றேன். அவன் சிரித்தான். என் மனைவி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. மன்னிப்புக் கேட்கிற மாதிரி தெரியாமல் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று, நானே பஸ் ஏறி எம். புதுப்பட்டிக்குப் போனேன். அவன் வேலை இன்னதென்று தெரியுமே தவிர, நேரில் பார்த்ததில்லை. லோடு ஏற்றும் முன் ஒவ்வொரு சரக்கிலும் சாம்பிள் எடுத்து, கம்பெனிக்கு வெகு தூரம் தள்ளியுள்ள பொட்டலில் வெடித்துப் பார்த்து, சத்தம் சரியா என்று சொல்ல வேண்டும். பதினாறு வருடமாக அதுதான் வேலை. மற்றவர்கள் காதில் பஞ்சோடு வேலியோரம் நிற்க, அவன் மட்டும் வெறும் காதோடு கிட்டத்தில் நின்றான். ஏன் என்று முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன். "பஞ்சு வச்சா சத்தத்தோட தரம் தெரியாதுலே. என் காதுக்குத்தான சம்பளம்" என்று பெருமையாகச் சொன்னான்.

அன்று வெடித்த வெடியில், வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே காது அடைத்துக்கொண்டது. அவன் போர்மேனைப் பார்த்துக் கத்தினான்.

"சத்தம் பத்தலண்ணே."

போர்மேன் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தார். சரி என்று அவனுக்குக் கையைக் காட்டிவிட்டு, என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "ஒன்றர வருசமா இப்பிடித்தான் சொல்றாப்ல. நாங்க மீட்டரப் பாத்துக்கிடுறோம். அவர்ட்டச் சொல்ல யாருக்கும் மனசு வரல."

அவனிடம் பேசாமலேயே திரும்பிவிட்டேன். காது கெடும்போது கூர்மையான ஓசைகள்தான் முதலில் போகும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. மாதக்கணக்கில் ஆம்ப்ளியைப் பிரித்துப் பிரித்துத் தேடிய குறை ஆம்ப்ளியில் இல்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

அவனிடம் நானும் சொல்லவில்லை. அவன் கேட்ட அளவுக்கு ஷார்ப்பை ஏற்றிப் பெட்டியை மூடிவிட்டு, போன் பேசினால் கேட்குமோ என்னவோ என்று, வரச் சொல்லி மெசேஜ் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, முகப்பிலிருந்த ஷார்ப்புத் திருகை முழுக்கத் திருப்பி வாசித்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"இதான்லே. இப்பத்தான் கம்பி பேசுது."

என் காதுக்கு அது தகரத்தைச் சுரண்டுவதுபோல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். அந்த நேரம் பார்த்து, எதுவும் தெரியாத என் மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசற்படிக்கு வந்தாள்.

அவன் நிறுத்தினான். அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு அவன் ஒரு கையால் கம்பியைத் தட்டித் தட்டி, மறு கையால் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தான். கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. அவள் காதிலிருந்து கையை எடுத்த இடத்தில் நிறுத்தினான்.

"இப்பச் சரியா இருக்காம்மா?"

"நல்லாருக்குண்ணே" என்றாள். உண்மையிலேயே நன்றாக இருந்தது. இத்தனை நாளும் நான் கேட்கத் தவித்த ஓசை அதுதான்.

"எனக்கு மந்தமாத்தான் இருக்கு" என்றான் என்னிடம். "இருக்கட்டும். கேக்கப் போறவுக ஊர்க்காரவுகதான." பிறகு தகட்டில் திருகின் முனை நின்ற இடத்தில் விரலை வைத்தான். "இங்கன ஒரு கோடு போட்டுக் குடுலே. மேடையில எனக்கு எடம் தெரியாது."

பேனாவால் போட்டுக் கொடுத்தேன். கோடு கோணலாகத்தான் விழுந்தது.